எலுமிச்சையா, நார்த்தையா, சாத்துக்குடியா? வீட்டுத் தோட்டத்துக்கு எது ஏற்றது

வீடு கட்டியது போகக் கொஞ்சம் மண் மிஞ்சியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "ஒரு ஆரஞ்சு மரம் வைக்கலாமா?" என்பதைத்தான். கேட்பவர் சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ இருந்தால், வேண்டாம் என்றே சொல்கிறேன். மரம் வராது என்பதற்காக அல்ல. மரம் வரும், தழைக்கும், நாலைந்து வருடத்தில் காய்க்கவும் செய்யும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பழம் அதில் வராது. ஆரஞ்சின் தோல் நிறம் மாற, காய் முதிரும் மாதங்களில் இரவு குளிர வேண்டும். சுமார் 13 டிகிரிவரை இறங்கினால்தான் பச்சையம் கலைந்து மஞ்சளும் செம்மஞ்சளும் மேலே தெரியும். நம் சமவெளியில் மார்கழி இரவுகூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அதனால் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே நிற்கும், சுளையும் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். நாக்பூரில் நல்ல குளிர்காலம் உண்டு. அந்த ஊர் ஆரஞ்சின் படத்தைக் கன்றில் கட்டித் தொங்கவிட்டு விற்பதால் நம் ஊரின் இரவு மாறிவிடாது.

மலையில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. கமலா ஆரஞ்சுக்கு ஏற்ற உயரம் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1500 மீட்டர். மழையும் ஆண்டுக்கு 150 முதல் 250 சென்டிமீட்டர் வேண்டும். கீழ்ப்பழனி மலை, சிறுமலை, ஏற்காடு பக்கம் மனை உள்ளவர்கள் குடகு ஆரஞ்சையோ கொடை ஆரஞ்சையோ தயங்காமல் வைக்கலாம். இந்த மலைகளில் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே ஆரஞ்சு செழித்திருந்த காலம் உண்டு. கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும், டிரிஸ்டிசா என்ற நச்சுயிரி நோயும் அந்தத் தோட்டங்களைப் பெரிய அளவில் அழித்தன. ஆகவே மலைக்காரர்கள் எந்த ரகம் என்று கேட்பதற்கு முன், கன்று எந்தத் தாய் மரத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் (தடியன்குடிசையிலும் ஏற்காட்டிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் இருக்கின்றன) விசாரித்து வாங்குவதே நல்லது.

இனி சமவெளிக்கு வருகிறேன். எலுமிச்சைக் குடும்பத்தில் நமக்கென்று நான்கு ஐந்து மரங்கள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்வது என்பதை உங்கள் சமையலறையும் உங்கள் தண்ணீரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர்

உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பழ மரங்களில் எலுமிச்சை வகைகளும் சேரும். தென்னையும் சப்போட்டாவும் பொறுத்துக்கொள்ளும் போர் தண்ணீரில் எலுமிச்சை திணறும். இலை நுனி கருகும், பிறகு ஓரம் கருகும், பிறகு முற்றிய இலைகள் ஒன்றாகக் கொட்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் எலுமிச்சை நன்றாக வந்து மூன்றாம் வருடம் வாடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வீட்டுக்காரர்கள் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறதென்றால் எலுமிச்சையை மண்ணில் வைக்காதீர்கள். பெரிய தொட்டியில் வைத்து, மழைநீரையோ குடிநீரையோ விட்டு வளருங்கள். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுக் குழாயை எலுமிச்சைப் பாத்திக்குத் திருப்பிவிடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், இந்த மரத்துக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்தது வடிகால். செம்மண்ணும் மணல் கலந்த வண்டலும் இந்த மரங்களுக்கு உகந்தவை. மழைக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் வேர் அழுகும், அடித்தண்டில் பிசின் வடியும். உங்கள் மண் அப்படிப்பட்டதென்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். குழிக்குள் கொஞ்சம் மணல் போட்டால் போதும் என்று சொல்வார்கள். சுற்றிலும் களி இருக்கும்போது அந்த மணற்குழியே தண்ணீர் தொட்டியாகிவிடும்.

எலுமிச்சை

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் எலுமிச்சையை வையுங்கள். ரசத்தில் பிழிய, சாதம் கிளற, ஊறுகாய் போட, சாறு கலக்க, வெள்ளிக்கிழமை விளக்குக்கு, அம்மன் கோவிலுக்கு என்று நம் வீட்டில் வருடம் முழுவதும் செலவாகும் பழம் இது ஒன்றுதான். நன்றாக வந்த ஒரு மரம் ஒரு குடும்பத்தின் தேவைக்கு மேலேயே காய்க்கும். இரண்டாவது மரம் வைக்கும் இடத்தில் வேறு வகையை வைக்கலாம்.

ரகம் என்று பார்த்தால், தமிழ்நாட்டுச் சமவெளிக்கு நான் முதலில் சொல்வது பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தேர்ந்தெடுத்த ரகம், உருண்டை, சாறு மிகுதி. தென்காசி மாவட்டக்காரர்களுக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டியதில்லை. புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை போகும் ஊர்களில் தலைமுறையாகக் கண் வைத்துப் பொறுக்கிய நாட்டு மரங்கள் இருக்கின்றன. நன்றாகக் காய்க்கும் மரத்தின் பழத்தை விதைக்காகக் கேட்டு வாங்கினாலே போதும். அதே பகுதியில் வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பர்பணியிலிருந்து வந்த விக்ரம், பிரமாலினி இரண்டும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பவை. பார்க்க அழகு, வறண்ட உள்மாவட்டங்களில் நன்றாக வருகின்றன.

மழையும் ஈரமும் மிகுந்த இடமானால் ரகத்தைவிட நோய் முக்கியம். எலுமிச்சையின் பெரிய எதிரி சொறி நோய். இலையிலும் காயிலும் தக்கை போலப் பழுப்புப் புள்ளி எழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும். இது பாக்டீரியாவால் வருவது. மழைத் துளி தெறித்தும் காற்றோடு சேர்ந்தும் மரத்துக்கு மரம் பரவும். சாறு கெடுவதில்லை, சமையலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் நோய் முற்றினால் இலையும் பிஞ்சும் உதிரும். கன்னியாகுமரி, நீலகிரி அடிவாரம், ஐப்பசியில் அடைமழை பெய்யும் கடலோர மாவட்டங்கள் ஆகிய இடங்களில் இருப்பவர்கள், திருப்பதி எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தின் பாலாஜி ரகத்தைத் தேடிப் பிடியுங்கள். சொறி நோயை ஓரளவு தாங்கும் தன்மைக்காகவே தேர்ந்தெடுத்த ரகம் அது. அது கிடைக்காவிட்டால் விதையில்லா எலுமிச்சை என்று விற்கும் தாஹிதி வகையை வைக்கலாம். காய் பெரியது, தோல் கொஞ்சம் தடிப்பு, முள் மிகக் குறைவு, சொறி நோயும் நாட்டு எலுமிச்சையை விடக் குறைவாகத் தாக்கும். மணத்தில் நாட்டு எலுமிச்சைக்கு ஈடில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு. சாறுக்கும் சாதத்துக்கும் குறையில்லை. ஊறுகாய்க்கு மட்டும் மெல்லிய தோலுள்ள நாட்டுக் காயைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

விதைக் கன்றா, பதியனா, ஒட்டா?

ரகத்தின் பெயரைக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. உண்மையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எலுமிச்சை விதைக்கு ஓர் அரிய குணம் உண்டு. ஒரு விதையை ஊன்றினால் பல நேரம் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பால் உண்டானவை அல்ல. தாய் மரத்தின் திசுவிலிருந்தே முளைத்தவை. அதனால் மாங்கொட்டையை ஊன்றினால் என்ன வருமோ என்ற சந்தேகம் இங்கே பெரும்பாலும் கிடையாது, தாயைப் போலவே பிள்ளை வரும். அதைவிடப் பெரிய நன்மை, டிரிஸ்டிசா நச்சுயிரி விதை வழியாகப் பரவுவதில்லை. தாய் மரத்துக்கு நோய் இருந்தாலும் விதைக் கன்று சுத்தமாகத் தொடங்குகிறது. வேரும் ஆழமாக இறங்கும், காற்றுக்குச் சாயாது, ஆயுளும் அதிகம்.

விலை என்னவென்றால் காத்திருப்பு. விதைக் கன்று காய்க்க நாலைந்து வருடம் ஆகும், முள்ளும் நீளமாக இருக்கும். பதியன் போட்ட கன்று இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும், முள் குறைவு, மரமும் சிறியதாக நிற்கும். ஆனால் ஆணிவேர் கிடையாது. மேலோடு பரவும் வேர்தான், புயல் காலத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். தாய் மரத்தின் நோய் எதுவானாலும் பதியனோடு கூடவே வந்துவிடும்.

எனவே மண்ணில் நிரந்தரமாக நிற்கப்போகும் மரத்துக்கு, பொறுமை உள்ளவர்கள் விதைக் கன்றையே எடுங்கள். மாடியில் தொட்டியில் வைப்பவர்களும், வயது காரணமாக ஐந்து வருடம் காத்திருக்க மனமில்லாதவர்களும் பதியனை எடுங்கள், அதில் தவறொன்றுமில்லை. பதியன் வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். இளம் இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நரம்புகளில் அங்கங்கே வெளிறிய கோடு கோடாகத் தெரிந்தால் அந்தக் கன்றை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அது டிரிஸ்டிசாவின் அடையாளம். நம் எலுமிச்சை வகையையே அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் சோதனைச் செடியாக ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள் என்றால், இலை எவ்வளவு தெளிவாகச் சொல்லும் என்று பாருங்கள்.

வீட்டிலேயே விதை போடுபவர்கள் மரத்திலேயே பழுத்த பழத்திலிருந்து விதையை எடுத்து, கழுவி, அன்றோ மறுநாளோ ஊன்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்த எலுமிச்சை விதை முளைப்புத் திறனை இழந்துவிடும். ஒரே விதையிலிருந்து வந்த முளைகளில் மிகவும் நோஞ்சானாகவும் இலை வடிவம் மாறுபட்டும் இருப்பதைக் கிள்ளி எறியுங்கள். கலப்பில் பிறந்தது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாத்துக்குடியின் ஒட்டுக்குக் கீழே

சாத்துக்குடி நம் சமவெளியின் வெயிலைத் தாங்கும் இனிப்பு வகை. தோல் பொன்னிறமாகாமல் பச்சை மஞ்சளாகவே நிற்கும். அதுவே அதன் இயல்பு என்பதால் ஏமாற்றம் இல்லை. ஆனால் மரம் பெரிது, ஏழு மீட்டர் இடம் கேட்கும். பூவிலிருந்து பழம் வரை ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை மாதமும் ஈரம் சீராக இருக்க வேண்டும். கோடையில் காயவிட்டு, மழை வந்ததும் வெள்ளமாகக் கொடுத்தால் காய் வெடிக்கும், உதிரும். கிணறும் நல்ல தண்ணீரும் உள்ள வீட்டுக்குத்தான் இது.

இதில் அதிகம் பேர் அறியாத சங்கதி ஒன்று இருக்கிறது. சாத்துக்குடியை ஒட்டுக் கட்டித்தான் விற்கிறார்கள். கீழே இருக்கும் வேர்ச்செடி ஜம்பேரியாகவோ ரங்கபுரி எலுமிச்சையாகவோ இருக்கும். மேலே உள்ள ஒரு மொட்டு மட்டுமே சாத்துக்குடி. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை நீக்காமல் விட்டால் அது வேகமாக உயர்ந்து, மேலே உள்ளதை அமுக்கி, சில வருடத்தில் மரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். "சாத்துக்குடி என்று வாங்கினேன், கரடுமுரடான புளிப்புக் காயாகக் காய்க்கிறது" என்று குறைப்படும் வீடுகளில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் நடந்திருப்பது இதுதான். கன்று வாங்கும்போதே ஒட்டு எங்கே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். தண்டு கொஞ்சம் வளைந்து, தடித்திருக்கும். அந்த இடம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கும்படி நடுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளிவிடுங்கள். முற்றிய பிறகு கத்தரித்தால் அடியில் மிச்சமிருக்கும் மொட்டு மறுபடி கிளம்பும்.

நார்த்தை என்ற மறந்துபோன மரம்

இரண்டாவது மரத்துக்கு இடம் இருக்கிறதா? நார்த்தை வையுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். எலுமிச்சை எந்தக் கடையிலும் கிடைக்கும். நல்ல நார்த்தங்காய், அதுவும் உப்பில் சுருளாக அரிந்து ஊறப்போடத் தக்க பிஞ்சுப் பருவத்தில், கேட்ட நேரத்தில் நகரத்தில் கிடைப்பதில்லை. காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடப்பவருக்குக் கஞ்சியோடு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் செய்யும் உதவியை வேறு எந்த ஊறுகாயும் செய்வதில்லை. காய் இல்லாத மாதங்களிலும் இந்த மரம் சும்மா நிற்காது. இளங்கொழுந்தைக் கிள்ளி, நரம்பு நீக்கி, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. மோர்ச் சாதத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கடையில் பொட்டலமாக வாங்குவதற்கும், காலையில் கிள்ளிய கொழுந்தில் மாலையில் இடித்ததற்கும் உள்ள தூரத்தை ஒருமுறை சுவைத்தவர்கள் அறிவார்கள்.

நார்த்தையில் கவனிக்க வேண்டியது ஒன்றே. அந்தப் பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு மரங்கள் இருக்கின்றன. ஓர் ஊரின் நார்த்தை இன்னோர் ஊரில் கிடாரங்காய். தோல் தடித்து, உள்ளே வெள்ளைச் சதை மிகுந்து சாறு குறைந்ததும் உண்டு. தோல் மெல்லியதாய்ச் சாறு நிறைந்ததும் உண்டு. கசப்பு ஒன்றில் மெலிதாக இருக்கும், இன்னொன்றில் மண்டும். பெயரை நம்பி நர்சரியில் வாங்காதீர்கள். உங்கள் பாட்டி போட்ட ஊறுகாயின் சுவை எந்த மரத்துக் காயில் இருக்கிறதோ, அந்த மரத்தைத் தேடிப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு, மழைக்காலத்தில் ஒரு கிளையில் பதியன் போட்டு எடுத்து வாருங்கள். பழைய வீடுகள் இடிபடும்போது இந்த மரங்களும் சேர்ந்து போகின்றன. ஒரு தெருவின் கடைசி நார்த்தை மரத்தோடு அந்தக் குறிப்பிட்ட சுவையும் போய்விடும்; எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத வகைகள் இவை, பதியன் போட்டுக் காப்பாற்ற நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

பப்ளிமாஸ் பற்றிக் கொஞ்சம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்துக்கு, முக்கியமாகக் காவிரிப் படுகைக்கும் கன்னியாகுமரிக்கும், இது நல்ல மரம். விதையிலிருந்து வளர்த்தால் தாயைப் போல வராது. எலுமிச்சைக்குச் சொன்ன விதைக் குணம் இதற்கில்லை. சிவப்புச் சுளைப் பழம் வேண்டுமானால் அந்த மரத்தின் பதியன்தான் வழி. பல பப்ளிமாஸ் மரங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் எலுமிச்சையோ நார்த்தையோ இருந்தால் காய்ப்பு கூடும். வீட்டில் கொழுப்புக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால், பப்ளிமாஸ் சாப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைகளில் சிலவற்றின் வேகத்தை இந்தப் பழம் கூட்டிவிடும்.

மாடியில் வைப்பவர்களுக்கு

மாடித் தோட்டத்துக்கு மூன்று சொல்வேன்: பதியனிட்ட நாட்டு எலுமிச்சை, விதையில்லா எலுமிச்சை, சைனா ஆரஞ்சு என்று விற்கும் குட்டிப் பழ வகை. கடைசியாகச் சொன்னது இனிக்காது, நல்ல புளிப்பு. ஆனால் சொறி நோய் அதை அவ்வளவாகத் தொடாது, வருடத்தில் பல மாதம் காயோடு நிற்கும், எலுமிச்சைக்குப் பதிலாகப் பிழியலாம். ஒன்றரை அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உள்ள தொட்டி வேண்டும். பெயின்ட் வாளியில் ஒரு வருடம் ஓட்டலாம், அதற்கு மேல் வேர் சுருண்டுகொள்ளும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மழை தொடங்கும் சமயத்தில் செடியை வெளியே எடுத்து, சுற்று வேரில் கொஞ்சம் வெட்டி, புது மண்ணும் மட்கிய எருவும் போட்டு மறுபடி வையுங்கள்.

பக்கத்து மரம் எது?

கறிவேப்பிலை இல்லாத வீடு நம்மிடம் அபூர்வம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், வில்வமும் அதே குடும்பம். இதனால் பூச்சிகளும் பொது. கிரீனிங் நோயைப் பரப்பும் சில்லிப் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்தில் பெருகி, எலுமிச்சை துளிர்விடும்போது அதற்குத் தாவும். ஆகவே இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். மனையில் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கறிவேப்பிலைக் கொழுந்து சுருண்டு, பிசுபிசுப்பாக, வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினால் அந்தக் கொழுந்தை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

மஞ்சள் இலையைக் கண்டு பயப்படும் முன் இலையை நடு நரம்பில் மடித்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகமோ இரும்போ குறைந்ததன் அறிகுறி. புதுத்துளிர் வரும்போது லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, கூடவே அதில் பாதி சுண்ணாம்பும் சேர்த்துத் தெளித்தால் துத்தநாகக் குறை தீரும். ஒரு பாதியில் திட்டுத் திட்டாகவும் மறுபாதியில் வேறு விதமாகவும் மஞ்சள் படர்ந்திருந்தால் கிரீனிங்காக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. தோட்டக்கலை அலுவலரிடம் இலையைக் காட்டி உறுதி செய்துகொண்டு, மரத்தை எடுத்துவிடுவதே மற்ற மரங்களுக்கு நல்லது.

நடவும் முதல் இரண்டு வருடமும்

ஆனி, ஆடியில் நடலாம். கடலோரத்தில் ஐப்பசி வெள்ளத்துக்குள் வேர் பிடித்துவிடும். தவறவிட்டவர்கள் மழை ஓய்ந்து தை மாதத்தில் நட்டு, கோடையில் தவறாமல் தண்ணீர் விடுங்கள். இரண்டரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். எலுமிச்சைக்கு மரத்துக்கு மரம் 5 முதல் 6 மீட்டர் வேண்டும். சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளியிருக்கட்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். நிழலில் தழைக்கும், காய்க்காது.

தண்ணீர் தண்டைத் தொடக் கூடாது. தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து, அதற்கு வெளியே வட்டமாக வாய்க்கால் எடுத்து அதில் விடுங்கள். அடித்தண்டில் பிசின் வடிவதற்கு முக்கால் காரணம் தண்டோடு தேங்கும் ஈரம். உணவு எடுக்கும் வேர்கள் மேல் ஓரடி மண்ணிலேயே இருப்பதால் மண்வெட்டி போட்டுக் கொத்தாதீர்கள். காய்ந்த இலை, தென்னை மட்டை என்று மூடாக்குப் போட்டால் களையும் வராது, ஈரமும் நிற்கும். முதல் வருடம் 10 கிலோ தொழுவுரத்தில் தொடங்கி, ஆறாம் வருடம் 30 கிலோவுக்கு உயர்த்துங்கள். எருவை அக்டோபரில் கொடுத்துவிட்டு, தழைச்சத்தை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்ல முறை.

இளங்கன்றின் கொழுந்தில் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஏதேனும் ஒட்டியிருந்தால் அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறி, நாலைந்து சேர்ந்தால் ஒரு கன்றை மொட்டையாக்கிவிடும். மருந்து தேவையில்லை. கையால் எடுத்து, பெரிதாக வளர்ந்த வில்வத்திலோ கறிவேப்பிலையிலோ விட்டுவிடுங்கள், பட்டாம்பூச்சியும் பிழைக்கும். இளம் இலையில் வெள்ளிக் கோடு போலப் பாம்புத் தடம் தெரிந்தால் அது இலைத் துளைப்பான். அந்தக் காயத்தின் வழியாகத்தான் சொறி நோய் எளிதாக நுழைகிறது என்பதால் அதை அலட்சியம் செய்யாமல், துளிர் வரும் நாட்களில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். சொறி ஏற்கெனவே இருந்தால் மழைக்கு முன் அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு தெளிக்கலாம்.

பதியன் கன்று நட்ட முதல் வருடமே பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேர் பிடிக்காத கன்று காயைச் சுமந்தால் அடுத்த இரண்டு வருடம் வளர்ச்சி நின்றுவிடும். மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்க விடலாம். பறிக்கும்போது இழுக்காமல் காம்பைச் சிறிது விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்துப் பறித்த காயில் காம்படித் தோல் கிழிந்து, கூடையில் இரண்டு நாளில் அழுகத் தொடங்கும். காம்போடு வெட்டியது அதைவிடப் பல நாள் தாங்கும்.